ஐ7-ஆ, 740ஐ-யா? ஒரே காரின் இரண்டு வடிவங்களை எடைபோடும் முறை

மின்சார சொகுசு செடானையும் பெட்ரோல் செடானையும் ஒப்பிட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் கார்களை எடுத்துக்கொள்கிறார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு காரில் பின்சீட் மெத்தென்று இருக்கிறது. அது பேட்டரி கார் என்பதால் கிடைத்த சுகமா, அந்த நிறுவனம் சீட்டை நன்றாகச் செய்ததால் கிடைத்த சுகமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் இந்த அத்தியாயத்துக்கு பிஎம்டபிள்யூ 7 சீரிஸை எடுத்துக்கொள்கிறேன். 2022 ஏப்ரலில் அறிமுகமான இந்தத் தலைமுறையில் பெட்ரோல் காருக்கும் மின்சாரக் காருக்கும் ஒரே கூடுதான். நீளம் 5,391 மில்லிமீட்டர், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 3,215 மில்லிமீட்டர்; இரண்டிலும் அதே கதவுகள், அதே ஏர் சஸ்பென்ஷன். மாறுவது காரை ஓட்டும் சக்தி மட்டும். அந்த ஒன்று மாறினால் வாங்குகிறவரின் வாழ்க்கையில் எதெல்லாம் மாறும் என்பதை இந்த ஜோடியில் தெளிவாகப் பார்க்கலாம். இங்கே கேட்கும் கேள்விகளை, ஒரே கூடு இல்லாத மெர்சிடிஸ் எஸ் கிளாஸ், இகியூஎஸ் ஜோடிக்கும், விலை குறைந்த செடான்களுக்கும் கேட்கலாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த ஜோடியில் இன்னொரு அக்கறையும் இருக்கும். பெட்ரோல் 740ஐ, செங்கல்பட்டுக்கு அருகே மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் இயங்கிவரும் தொழிற்சாலையில் பூட்டப்படுகிறது. மின்சார ஐ7 ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் நகரிலிருந்து முழுக் காராகக் கப்பலில் வந்திறங்குகிறது. இந்த வித்தியாசம் விலையில் எப்படி விளையாடுகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கேட்லாக்கில் இருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 740ஐ-யில் மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின். ஏறத்தாழ 380 குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 5.4 விநாடி. ஐ7 எக்ஸ்டிரைவ்60-இல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு மோட்டார்கள். சேர்ந்து 544 குதிரைத்திறன், 745 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 100-க்கு 4.7 விநாடி. பயன்படுத்தக்கூடிய பேட்டரி அளவு 101.7 யூனிட். ஐரோப்பியச் சோதனை முறைப்படி ஒரு சார்ஜில் 590 முதல் 625 கிலோமீட்டர். டிக்கி 740ஐ-யில் 540 லிட்டர், ஐ7-இல் 500 லிட்டர். எடை வித்தியாசம்தான் கவனிக்க வேண்டியது: ஐ7 அரை டன்னுக்கும் மேல் கூடுதல் எடை. டயர், ஸ்பீடு பிரேக்கர், மலைப்பாதை என்று பல இடங்களில் இந்த அரை டன் திரும்பத் திரும்பத் தலைகாட்டும்.

100-ஐ எத்தனை விநாடியில் தொடும் என்பதை இத்துடன் மறந்துவிடுங்கள். பின்சீட்டில் அமர்ந்து போகிறவர்களுக்கான கார் இது.

எந்த ஹைபிரிட்?

ஷோரூமில் 740ஐ-யைக் காட்டும்போது இதுவும் ஹைபிரிட்தான் என்பார்கள். பொய்யில்லை, ஆனால் அது மைல்டு ஹைபிரிட். 48 வோல்ட் அமைப்பில் சுமார் 18 குதிரைத்திறன் கொண்ட சிறு மோட்டார் கியர்பாக்ஸோடு சேர்ந்து எஞ்சினுக்குக் கை கொடுக்கும். சிக்னலில் எஞ்சின் அணைந்து மீண்டும் உயிர்பெறுவது உடம்பில் உணரப்படாது. மற்றபடி முழுக்க முழுக்கப் பெட்ரோல் கார்.

லெக்ஸஸ் இஎஸ் 300எச் போன்ற கார்கள் முழு ஹைபிரிட் வகை. மெதுவாகப் போகும்போது மோட்டார் மட்டுமே காரை ஓட்டும். பேட்டரியைக் கார் தானே சார்ஜ் செய்துகொள்ளும், நீங்கள் எதையும் செருக வேண்டியதில்லை. இஎஸ் 300எச் பெங்களூரை அடுத்த பிடதியில் பூட்டப்படுகிறது. 7 சீரிஸுக்கு ஒரு படி கீழே இருக்கும் கார்தான், விலையும் பாதிக்கும் குறைவு. ஆனால் நெரிசலான நகரத்துக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு, வீட்டில் சார்ஜர் வைக்க வழியில்லாதவருக்கு, என் கணிப்பில் இதைவிடப் பொருத்தமான செடான் சந்தையில் இல்லை. இரண்டு கோடி செலவழிக்கத் தயாராக இருப்பவர்கள்கூட ஒருமுறை அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

மூன்றாவது வகை செருகி சார்ஜ் செய்யும் பிளக்-இன் ஹைபிரிட். 7 சீரிஸிலேயே 750இ என்ற பெயரில் வெளிநாடுகளில் கிடைக்கிறது. 18.7 யூனிட் பேட்டரியில் எண்பது கிலோமீட்டர் அளவுக்கு மின்சாரத்தில் போகும், அதன் பிறகு பெட்ரோல். தினமும் செருகுகிறவருக்கு அது அருமையான கார். செருகாமல் ஓட்டினால் பேட்டரியின் எடையை வீணாகச் சுமந்துகொண்டு பெட்ரோல் குடிக்கும். துபாயிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் இதை வாங்கலாமா என்று கேட்டால், உங்கள் பார்க்கிங்கில் பிளக் இருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள்.

முதலில் பார்க்கிங்கைப் பாருங்கள்

மின்சாரக் காருக்கு ஆம் அல்லது இல்லை என்பதைக் காரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இரவில் கார் நிற்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே சார்ஜர் வைக்க முடியாது என்றால் ஐ7 உங்களுக்கு ஏற்றதல்ல. இந்த அத்தியாயத்தின் மீதியைப் படிக்காமலே 740ஐ-க்குப் போய்விடலாம். இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. பொது சார்ஜரை மட்டுமே நம்பி வாழும் சொகுசுக் காரில் சொகுசு இருக்காது. வாரத்தில் இரண்டு மாலைகள் டிரைவர் எங்கோ ஒரு மாலின் கீழ்த்தளத்தில் வரிசையில் நிற்பார். நீங்கள் வீட்டு வாசலில் காத்திருப்பீர்கள்.

தனி வீடு என்றால் வேலை எளிது. ஐ7 சாதாரண மின்சாரத்தில் 11 கிலோவாட் வரை வாங்கிக்கொள்ளும். அதற்கு மூன்று ஃபேஸ் இணைப்பு வேண்டும், ஒவ்வொரு ஃபேஸிலும் 16 ஆம்பியர். காலியான பேட்டரி நிரம்பப் பத்து மணி நேரம். யாரும் காலியாகக் கொண்டுவந்து நிறுத்துவதில்லை என்பதால் நடைமுறையில் மூன்று, நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒற்றை ஃபேஸில் 32 ஆம்பியர் கிடைத்தாலும் 7.4 கிலோவாட் வரும், அதுவும் போதும். செய்ய வேண்டியவை: மின்வாரியத்தில் அனுமதிக்கப்பட்ட லோடை உயர்த்துவது, சார்ஜருக்கு மெயின் போர்டிலிருந்து தனி ஒயர் இழுப்பது, எர்த் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த் குழி காய்ந்துபோய்க் கிடக்கும். எர்த் சரியில்லை என்றால் கார் சார்ஜ் ஏற மறுத்துவிடும். கார் வருவதற்கு ஒரு மாதம் முன்பே இதையெல்லாம் முடித்துவிட வேண்டும்.

அடுக்குமாடி என்றால் உங்கள் மீட்டரிலிருந்து உங்கள் பார்க்கிங் வரை ஒயர் இழுக்க சங்கத்தின் எழுத்துபூர்வமான அனுமதி வாங்குங்கள். செயலாளர் வாய்வார்த்தையாகச் சரி என்று சொன்னதை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். அடுத்த ஆண்டு செயலாளர் மாறுவார்.

மின்கட்டணத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுகிறது, 100 கிலோமீட்டருக்கு 22 யூனிட், சார்ஜ் ஏறும்போது வீணாவது பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதக் கணக்கில் 600 யூனிட்டுக்கு மேல் வருகிறது. தமிழ்நாட்டில் வீட்டுக் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்பட்டு, படி ஏற ஏறக் கூடுவது. ஏற்கெனவே ஏ.சி. ஓடும் பெரிய வீட்டில் கார் குடிக்கும் 600 யூனிட்டும் உச்சப் படியில்தான் போய் விழும். எனவே கார் கணக்கைப் போடும்போது வீட்டின் சராசரிக் கட்டணத்தைப் போடாமல் உச்சப் படியின் கட்டணத்தைப் போடுங்கள். மின்வாகன சார்ஜிங்குக்குத் தனி இணைப்பு எடுத்தால் லாபமா என்று உங்கள் பிரிவு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மொட்டைமாடியில் இடம் இருந்தால் சூரியத் தகடு இந்தக் கணக்கையே மாற்றிவிடும். கார் நாளொன்றுக்குச் சராசரியாக 10 யூனிட் கேட்கிறது. ஒரு கிலோவாட் தகடு நம் வெயிலில் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மூன்று கிலோவாட் தகடு, அதாவது ஒரு நடுத்தர வீட்டின் மாடியில் ஒரு மூலை, இரண்டரை டன் காரை ஆண்டு முழுக்க ஓட்டிவிடும். சுற்றுச்சூழலுக்காக ஐ7 வாங்குகிறேன் என்பவர்கள் இதையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. அந்த மின்சாரத்தில் ஓடும் ஐ7 ஒரு கிலோமீட்டருக்கு 170 கிராம் அளவுக்கு எங்கோ ஒரு மின்நிலையப் புகைபோக்கியில் விடுகிறது. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் விடுவது 230 கிராம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் பெருமைப்படும் அளவுக்கு இல்லை. வீட்டு மாடியின் வெயிலில் ஓடும்போதுதான் அது பெரிய வித்தியாசமாகிறது.

எந்த ஊருக்குப் போகிறீர்கள்?

கடந்த ஓராண்டில் கார் போன ஊர்களை டிரைவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். அதிகம் போன ஐந்து ஊர்கள் போதும்.

நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில், ஏ.சி. ஓட, 22 யூனிட் கணக்கு வைத்தால் ஐ7 முழு சார்ஜில் 460 கிலோமீட்டர் போகும். அடிமட்டம் வரை ஓட்டாமல் 15 சதவீதம் கையிருப்பு வைத்தால் 390. கேட்லாக்கின் 625-ஐ மனதிலிருந்து அழித்துவிட்டு இந்த 390-ஐ எழுதிக்கொள்ளுங்கள். 120-இல் விரட்டினால் இன்னும் குறையும்.

சென்னையிலிருந்து பெங்களூர் சுமார் 350 கிலோமீட்டர், திருச்சி சுமார் 330. இரண்டுக்கும் நிற்காமல் போகலாம். மதுரை 460, ஒருமுறை நின்றாக வேண்டும். திருச்சியில் நின்றால் பேட்டரியில் 29 யூனிட் மீதி இருக்கும். மதுரை வரை மேலும் 29 வேண்டும், கையிருப்புக்கு 15. ஆகக் குறைந்தது 15 முதல் 20 யூனிட் ஏற்றினால் போதும். 60 கிலோவாட் சார்ஜரில் அது இருபது, இருபத்தைந்து நிமிட வேலை. காபி குடித்து எழுவதற்குள் முடிந்துவிடும்.

திரும்பி வருவதற்கு மதுரையில் பேட்டரியை நிரப்ப வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. தங்கும் ஹோட்டலில் இரவு சார்ஜ் வசதி உண்டா என்பதை அறை எடுக்கும்போதே கேளுங்கள். கேட்காமல் போய்விட்டால் மறுநாள் காலை பொது சார்ஜரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவழிக்க நேரும்.

அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வருகிறது? கேட்லாக்கில் 10-லிருந்து 80 சதவீதத்துக்கு 34 நிமிடம் என்று இருக்கும். அது 195 கிலோவாட் வாங்கிக்கொள்ளும் காரின் திறன். அதைத் தரக்கூடிய சார்ஜர் எதிரில் இருந்தால்தான் நடக்கும். நம் நெடுஞ்சாலைகளில் அதிகம் இருப்பவை 60 கிலோவாட், ஆங்காங்கே 120. ஏற்ற வேண்டியது 71 யூனிட்; 60 கிலோவாட்டில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஒரே பெட்டியில் இரண்டு கன் இருந்து பக்கத்தில் இன்னொரு கார் வந்து செருகினால் பல இடங்களில் சக்தி இரண்டாகப் பிரிந்துவிடும், நேரம் இரட்டிப்பாகும். எனவே சார்ஜர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், எத்தனை கிலோவாட், எத்தனை பெட்டி, பக்கத்தில் உட்கார இடமும் சுத்தமான கழிப்பறையும் உண்டா என்று பாருங்கள். வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்குக் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி.

மலைப்பாதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் உயரம் ஏறத்தாழ 1,900 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 2,850 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்க 15 யூனிட் வேண்டும். இது வழக்கமாக ஓடும் செலவுக்கு மேல். இறங்கும்போது மோட்டார்கள் ஜெனரேட்டராக மாறி அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். பிரேக் சூடாவதில்லை, கருகல் வாடை இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் கார் அலுங்காமல் இறங்கும். ஆனால் ஊட்டியில் 100 சதவீதம் நிரப்பிவிட்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமிருக்காது. அப்போது அத்தனை எடையையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். மேலே 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வதே சரி.

740ஐ-க்கு இந்தப் பகுதியில் சொல்ல வேண்டியது ஒரே வரி: 74 லிட்டர் டேங்க், நெடுஞ்சாலையில் எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர், ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிட்டுக் கிளம்பலாம். மாதம் இருமுறை தூத்துக்குடிக்கோ நாகர்கோவிலுக்கோ அவசரமாக ஓடும் தொழில் உங்களுக்கு என்றால் இந்த ஒரு வரியே போதுமான காரணம்.

பின்சீட்டும் முன்சீட்டும்

ஐ7-இன் உண்மையான மேன்மை இங்கேதான். 740ஐ-யின் ஆறு சிலிண்டர் எஞ்சின் உலகின் மிக மென்மையான எஞ்சின்களில் ஒன்று. அதன் அமைப்பே அதிர்வுகள் ஒன்றையொன்று தின்றுவிடும்படி இருக்கிறது. அப்படியிருந்தும், இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால் ஐ7-இல் ஏதோ ஒரு பாரம் இறங்கியது போலிருக்கும். கியர் மாறுவதே இல்லை. அண்ணா சாலை நெரிசலில் பத்து அடி நகர்ந்து, நின்று, மறுபடி பத்து அடி நகரும்போது உடம்பு முன்னும் பின்னும் ஆடுவதில்லை. போன் பேசுகிறவருக்கும், கோப்பு படிக்கிறவருக்கும், முதுகு வலியோடு போகிறவருக்கும் இது பெரிய நிம்மதி.

இந்த நிம்மதியை டிரைவர் கெடுத்துவிடவும் முடியும். காலை எடுத்தவுடன் கார் தானே வேகம் குறையும் ஒற்றைப் பெடல் முறை, கியரில் பி என்று குறித்த நிலையில், உண்டு. ஓட்டுகிறவருக்குப் பிடித்துப்போகும், ஆனால் பழகாத கால் பட்டால் பின்னால் இருப்பவர்களுக்கு வயிற்றைப் புரட்டும். வழக்கமான டி நிலையிலேயே ஓட்டச் சொல்லுங்கள். டெலிவரி நாளில் ஷோரூம் பயிற்சியாளர் உங்களுக்குப் பாடம் எடுப்பதைவிட உங்கள் டிரைவருக்கு ஒரு மணி நேரம் எடுப்பது முக்கியம், கேட்டு வாங்குங்கள்.

இந்த வகைக் காரில் மிக அதிக நேரம் உட்காருகிறவர் முதலாளி அல்ல, டிரைவர். கல்யாண மண்டப வாசலிலும் மருத்துவமனை எதிரிலும் மணிக்கணக்காகக் காத்திருப்பார். பெட்ரோல் காரில் ஏ.சி. வேண்டுமென்றால் எஞ்சின் ஓட வேண்டும். மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் போகும், தெருவில் புகை, கீழ்த்தளப் பார்க்கிங்கில் என்றால் உயிருக்கே ஆபத்து. அதனால் பெரும்பாலான டிரைவர்கள் ஏ.சி.யை அணைத்துவிட்டு மே மாத வெயிலில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஐ7-இல் நான்கு மணி நேரம் ஏ.சி. ஓடினாலும் ஐந்தாறு யூனிட்தான் செலவு. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. ஒப்பீட்டு அட்டவணைகள் எதிலும் இது இடம்பெறுவதில்லை. என் பட்டியலில் மேலே இருக்கிறது.

சிறு குறைகளையும் சொல்லிவிட வேண்டும். எஞ்சின் சத்தம் இல்லாத காரில் டயர் சத்தம் தெளிவாகக் கேட்கும். கரடுமுரடான கான்கிரீட் சாலையில் இது தெரியும். கூடுதல் எடையால் டயர் சீக்கிரம் தேயும். பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் உயரமான ஸ்பீடு பிரேக்கரில் அடிப்பாகம் இடித்தால் அது சாதாரணக் கீறல் ஆகாது. சோதனை, இன்சூரன்ஸ் என்று போய் நிற்கும். சஸ்பென்ஷனை 20 மில்லிமீட்டர் உயர்த்தும் பொத்தான் உண்டு. உங்கள் தெரு முனையில் இருக்கும் ஸ்பீடு பிரேக்கருக்கு அது போதுமா என்று காரைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள்.

விலை, வரி, ஐந்து வருடம் கழித்து

2023 ஜனவரியில் இந்தியாவில் அறிமுகமானபோது ஷோரூம் விலை: 740ஐ 1.70 கோடி, ஐ7 1.95 கோடி. அதன் பின் விலைகள் மாறிவிட்டன. கணக்குப் போடும் முறையைக் காட்ட இந்த எண்கள் போதும்.

மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பெரிய பெட்ரோல் காருக்கும் பெரிய ஹைபிரிட்டுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். இவ்வளவு இடைவெளி இருந்தும் ஐ7 ஏன் மலிவாக இல்லை? முழுக் காராக இறக்குமதி ஆவதால் சுங்கத்தில் அதன் விலை இரட்டிப்பாகிவிடுகிறது. 740ஐ பாகங்களாக வந்து செங்கல்பட்டில் பூட்டப்படுவதால் அந்தச் சுமை பெரிதும் தப்புகிறது. அதனால் எந்த மின்சாரக் காரைப் பார்த்தாலும், இந்தியாவில் பூட்டியதா, இறக்குமதியா என்று முதலில் கேளுங்கள்.

ஷோரூம் விலையில் 25 லட்சம் அதிகமாக நிற்கும் ஐ7, பதிவு செய்யும்போது முந்திவிடலாம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். 740ஐ-க்கு 34 லட்சம் சேர்ந்து 2.04 கோடி ஆகிறது. மின்சாரக் காருக்கு வரிவிலக்கு நடப்பில் இருக்கும்போது பதிவு செய்தால் 1.95 கோடியிலேயே நிற்கிறது. விலக்கு இல்லையென்றால் 2.34 கோடி. ஒரு அரசாணை இருக்கிறதா இல்லையா என்பதில் 39 லட்சம் தொங்குகிறது. இந்த விலக்கு காலக்கெடுவோடு தரப்படுவது, நீட்டிக்கப்பட்டும் வந்திருக்கிறது. புக் செய்யும் நாளில் இருப்பது போதாது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கார் பதிவாகும் நாளில் இருக்க வேண்டும். கப்பல் தாமதமானால் என்ன ஆகும் என்பதை ஷோரூமில் எழுதி வாங்குங்கள். கர்நாடகத்தில் 2024 முதல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் கார்களுக்கு 10 சதவீதம் வரி வந்துவிட்டது. ஓசூரில் வீடும் பெங்களூரில் அலுவலகமும் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கம்பெனி பெயரில் வாங்கினால் ஆடிட்டரைப் பாருங்கள். வருமான வரி விதிகளில் மின்சார வாகனத்துக்கு ஆண்டுத் தேய்மானம் 40 சதவீதம், சாதாரணக் காருக்கு 15. முதல் ஆண்டிலேயே ஐ7-க்கு 78 லட்சம் தேய்மானமாகக் காட்டலாம், 740ஐ-க்கு 30 லட்சம்தான். வரி பின்னால் தள்ளிப்போகிறதே தவிர மறைந்துவிடாது; காரை விற்கும்போது கணக்கு நேராகும். ஜி.எஸ்.டி.யைத் திரும்பப் பெறலாம் என்று யாராவது சொன்னால், சொந்த உபயோகக் காருக்கு அது இரண்டிலும் கிடையாது.

ஓட்டச் செலவில் ஐ7 ஜெயிக்கும். ஆனால் அந்த வெற்றி எவ்வளவு சிறியது என்று பாருங்கள். 15,000 கிலோமீட்டருக்கு, நகரத்தில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்றால் 740ஐ-க்கு 1,875 லிட்டர்; லிட்டர் 100 ரூபாய் என்றால் 1.87 லட்சம். ஐ7-க்கு 3,675 யூனிட். 11 ரூபாய் வீதம் 40,000. ஆண்டுக்கு மிச்சம் ஒன்றரை லட்சம். ஆயில் மாற்றும் செலவு இல்லை, பிரேக் பேட் அதிக நாள் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஆண்டில் விற்கும்போது ஐ7-க்கு 740ஐ-யைவிட வாங்கிய விலையில் பத்து சதவீதம் குறைவாகக் கிடைத்தால் 20 லட்சம் போகிறது. பதின்மூன்று வருட எரிபொருள் மிச்சம் ஒரே கையெழுத்தில் கரைந்துவிடும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விலை உயர்ந்த மின்சார செடான்கள் பழைய கார் சந்தையில் வேகமாக விலை இறங்கியிருக்கின்றன. நம் ஊரில் இந்த வகைக் கார்களைப் பழையதாக வாங்குகிறவர்களே குறைவு. எனவே ஐ7 வாங்குகிறவர் இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும்: எட்டு வருடம் வைத்து ஓட்டும் எண்ணத்தோடு வாங்க வேண்டும், அல்லது லீஸ் எடுத்தோ திரும்ப வாங்கிக்கொள்ளும் உறுதியை எழுத்தில் பெற்றோ விலை இறங்கும் பொறுப்பை வேறொருவர் தோளில் வைக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை கார் மாற்றும் பழக்கமுள்ளவர் சொந்தப் பணத்தில் ஐ7 வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பேட்டரிக்கு நிறுவன உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பதால் எட்டு வருடம் என்ற கணக்கு தைரியமாகப் போடக்கூடியதுதான்.

மழையும் இன்சூரன்ஸும்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை நல்ல கார்கள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றன என்பதை நாம் பார்த்தோம். பெட்ரோல் காரில் தண்ணீர் காற்றுக்குழாய் வழியாக சிலிண்டருக்குள் போய்விட்டால், ஸ்டார்ட் செய்யும் அந்தக் கணத்தில் எஞ்சின் உடைகிறது. தண்ணீர் வடிந்த பிறகும் ஸ்டார்ட் பொத்தானைத் தொடக் கூடாது. மின்சாரக் காரில் பேட்டரிப் பெட்டி நீர் புகாதபடி மூடப்பட்டிருக்கும், உறிஞ்ச எஞ்சினும் இல்லை; அதற்காகத் தைரியமாகத் தண்ணீரில் ஓட்டவோ, மூழ்கி எழுந்த காரை சார்ஜரில் செருகவோ கூடாது. சக்கரம் உருள இழுத்துப் போகவும் விடக் கூடாது, தட்டு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். 740ஐ-க்கு எஞ்சின் பாதுகாப்பு, ஐ7-க்கு பேட்டரி பாதுகாப்பு: இந்தக் கூடுதல் காப்பீட்டை ஏஜென்ட் சொல்லாவிட்டாலும் கேட்டு எடுங்கள். அதில் தண்ணீர் சேதமும், அடிப்பாகம் இடித்த சேதமும் உண்டா என்று வரி வரியாகப் படியுங்கள்.

டெஸ்ட் டிரைவ்

இரண்டு காரையும் ஒரே நாளில், ஒரே வழியில் கேளுங்கள். உங்கள் டிரைவர் ஓட்டட்டும், நீங்கள் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்காருங்கள், வீட்டில் அதிகம் பயணம் செய்யும் பெரியவரையும் அழைத்துப் போங்கள். வீட்டுச் சரிவில் ஏற்றி இறக்குங்கள். 5.4 மீட்டர் நீளத்தை உங்கள் கேட்டுக்குள் திருப்ப முடிகிறதா என்று பாருங்கள்; இங்கேயே பல பேரின் ஆசை நின்றுவிடும். டிக்கியில் உங்கள் பெட்டிகளை வைத்துப் பாருங்கள். ஐ7-ஐ அன்றே ஒரு பொது சார்ஜருக்குக் கொண்டுபோய் டிரைவர் கையாலேயே செருகச் சொல்லுங்கள். செயலி திறந்து, பணம் கட்டி, சார்ஜ் ஓடத் தொடங்கும்வரை உடன் நில்லுங்கள். பிறகு உங்கள் ஊருக்கு மிக அருகில் உள்ள சர்வீஸ் மையத்தில் உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்ற மெக்கானிக் எத்தனை பேர் இருக்கிறார்கள், பேட்டரி வேலை வந்தால் கார் எந்த ஊருக்குப் போகும், அதுவரை மாற்றுக் கார் தருவார்களா என்ற மூன்றையும் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். அந்த மின்னஞ்சல் வந்த பிறகு முன்பணம் கட்டலாம்.